கரண்டியின் முதுகில் இரண்டு எழுத்து

மாப்பிள்ளையின் தாய் என் மகளுக்கு முதன்முதலாக வட்டிலப்பம் ஊட்டியபோது அவருடைய கை நடுங்கியது.

கல்யாணப் பேச்சு முடிந்து, அவர் சம்மாந்துறையிலிருந்து நாலைந்து பெண்களோடு கல்முனைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சிறிய கரண்டி ஒன்றை லேஞ்சித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த அந்தப் பண்டத்தை அதால் அள்ளி மகளின் வாய்க்குக் கொண்டுபோகும்போது பாதி அவளுடைய முக்காட்டில் விழுந்தது.

"என்ட கை இப்பிடித்தான் மகள். வாய்க்குப் போறத்தவிட சீலைக்குத்தான் கூடப் போகும்" என்று சிரித்தார். கூட வந்த பெண்களும் சிரித்தார்கள். பிறகு கரண்டியைத் துடைத்து மகளின் கையில் வைத்தார். "இது உங்களுக்குத்தான். வெள்ளி. எங்கட வீட்டுல இரிக்கிற ஒரேயொரு வெள்ளி."

"எங்க வாங்கின மச்சி?" என்று என் சம்பந்தியாகப் போகிறவரிடம் கேட்டேன்.

"வாங்கினதில்ல. வீட்டுல கிடந்த."

எனக்கு அதற்குப் பிறகு அங்கே பேசப்பட்டது எதுவும் காதில் ஏறவில்லை.

கிடந்த என்ற அந்தச் சொல்லை எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் அந்த வருடங்களில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கே தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையடுத்து ஒன்றாக, ஒரு தெருவைத் தாண்டினால் மற்றது என்று கிடக்கின்றன. தொண்ணூறாம் ஆண்டு இரண்டு சனங்களுக்கும் இடையில் குழப்பம் வந்தபோது உடுத்த உடுப்போடு வீட்டைவிட்டுப் போனவர்கள் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள். பூட்டக்கூட நேரமில்லாமல் விட்டுப்போன வீடுகள் ஒரு கிழமைக்குள் வெறும் சுவராயின. கொஞ்சக் காலம் கழித்து, முன்பு தையல் மெசின் இல்லாத வீடுகளில் தையல் மெசின் இருந்தது. தேக்குக் கதிரை இல்லாத விறாந்தையில் தேக்குக் கதிரை இருந்தது. எங்கிருந்து வந்தது என்று யாராவது தப்பித்தவறிக் கேட்டால் ஒரே பதில்தான்: கிடந்தது. கேட்டவர் அதற்கு மேல் கேட்கமாட்டார். எடுத்தவர், வாங்கினவர், பார்த்துக்கொண்டு நின்றவர் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டார்கள்.

என் தம்பி அந்த வருடம் சவளக்கடைப் பக்கம் வயல் பார்க்க சைக்கிளில் போனவன், திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அதன் பின்கரியரை அவனே பச்சை வயரால் சுற்றியிருந்தான். பல வருடங்களாக, தெருவில் எந்தச் சைக்கிள் போனாலும் என் கண் முதலில் பின்கரியருக்குத்தான் போகும். ஆளின் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன். இன்றைக்கும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை.

ஆகவே, வந்தவர்கள் போனதும் கரண்டியைக் குசினிக்குள் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன்.

பிடியின் பின்பக்கத்தில் சின்னச் சதுரக் கட்டம் ஒன்று. அதற்குள் இரண்டு ஆங்கில எழுத்துகள். பக்கத்தில் ஒரு பறவை, அரிசிமணி அளவுதான் இருக்கும். முன்பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கரண்டியின் நுனி வட்டமாக இல்லை. வலப்பக்கம் தேய்ந்து சரிந்து, யாரோ அரம் போட்டு அராவினமாதிரி இருந்தது.

எங்கள் ஊரில் பாத்திரத்தில் எழுத்து இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சொந்தக்காரரின் பெயர். புதுச் சட்டி வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித்தான் கொண்டுவருவோம். கல்யாணத்துக்குக் கொடுக்கும் தட்டில் கொடுத்தவரின் பெயர் இருக்கும். கந்தூரிச் சாப்பாட்டுக்கு நாலு வீட்டுப் பாத்திரம் ஒன்றாகச் சேர்ந்தால் பெயரைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். மாட்டுக்குக்கூட விலாவில் எழுத்துச் சுட்டிருக்கும். எழுத்துக்கு வேறொரு அர்த்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் கரண்டியைக் காட்டிய எவருக்கும் தோன்றவில்லை.

அந்த இரண்டு எழுத்துகளை எனக்குத் தெரியும். நான் படிப்பித்த பாடசாலையில் என்னோடு படிப்பித்த கிறிஸ்தவத் தமிழ் ஆசிரியை ஒருத்தி இருந்தாள். இடைவேளையில் ஒரே பிளாஸ்க்கில் தேநீர் குடிப்போம். அவளுடைய தகப்பனாரின் முதலெழுத்துகள் அவை. நத்தார்ப் பண்டிகை நாட்களில் அவர்கள் வீட்டுக்குப் போனால் தட்டிலும் தேநீர்ப் பேணியிலும் கேக் வெட்டும் கத்தியிலும் அந்த எழுத்துகள்தான் இருக்கும். தொண்ணூறில் அவர்கள் ஒரு கைப்பையோடு மட்டக்களப்புக்குப் போனார்கள். அந்த வீட்டில் பிறகு கதவு நிலைகூட மிஞ்சவில்லை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் என் கணவரிடம் கரண்டியைக் காட்டினேன். அவர் கூட்டுறவுக் கடையில் மனேஜர். எதையும் நிறுத்துப் பார்க்கும் மனிதர், ஆனால் மனிதர்களை நிறுக்க விரும்பாதவர்.

"கரண்டிய வெச்சா மாப்பிள்ளைய அளக்கப் போறாய்?" என்றார்.

"ஒரு வீட்டுக் கரண்டிய எடுத்தவங்க என்னத்தத்தான் எடுக்கமாட்டாங்க?"

"எடுத்தாங்க எண்டு ஆருகா சொன்ன? கிடந்த எண்டுதானே சொன்னாங்க."

"அதத்தான் நானும் சொல்றன்."

அவர் கரண்டியை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "ஆர்ர பேரிது?" என்று அவரும் அதே கேள்வியைக் கேட்டார். நான் சொன்னதும் கரண்டியை மேசையில் வைத்துவிட்டார். கொஞ்சம் தள்ளித்தான் வைத்தார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். மகளுக்கென்று நாங்கள் கட்டிய அறைகளின் சுவர் அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. பெண்ணை அனுப்பிவிட்டு அழுகிற தாய்மார் வேறு ஊர்களில் இருக்கலாம். நான் ஒரு ஆளை என் கூரைக்குக் கீழே எடுக்கப்போகிறவள். என் மகள் ஒரேயொருத்தி. அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் வாய்திறந்து சொல்லவில்லை. ஆனால் காவின் எழுதும் நாளை, அதாவது கல்யாணப் பதிவு நாளைப் பற்றி யார் பேசினாலும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பாள். என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போனால் அந்தக் கல்யாணம் நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தால், என் சிநேகிதியின் வீட்டுக் கரண்டியால் என் பேரப்பிள்ளை சோறு தின்னும்.

மகள் காலையில் அந்தக் கரண்டியால் சீனி அள்ளிப் பார்த்தாள். "இது கைக்குத் தோதில்லாத கரண்டி உம்மா. ஒரு பக்கம் சப்பை" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், அவங்க தந்த எண்டா அதுலயும் குத்தமா?" என்றாள்.

"நான் ஒண்டும் சொல்லல்லியே."

"நீங்க சொல்லாம இரிக்கிறதுதான் எனக்குப் பயம்."

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு நகைக்கடைக்குக் கரண்டியைக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைக் கல்லில் உரசினார், முகர்ந்தார், திருப்பினார்.

"ஆர்ர பேரு ரீச்சர் இது?"

"தெரியா. வெள்ளியா எண்டு மட்டும் பாருங்க."

"வெள்ளிதான். சுத்த வெள்ளியில்ல. பழைய காசு வெள்ளி மாதிரிக் கலப்பு." குரலைத் தாழ்த்தினார். "வேணுமெண்டா உருக்கிக் காப்பா அடிச்சித் தாறன். உருக்கினா பேரும் போயிரும், கரைச்சலும் போயிரும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், அதை நானே எங்கோ எடுத்தேன் என்பது முடிவாகியிருந்தது. எத்தனை பேருக்கு அவர் இதே குரலில் இதே உதவியைச் செய்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினேன்.

மட்டக்களப்பிலிருந்த சிநேகிதியிடமே கேட்பது என்று தீர்மானித்தேன். கரண்டியைக் கையில் கொண்டுபோகத் துணிவில்லை. வழியில் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டுவார்கள், வெள்ளி என்று கண்டால் ஆயிரம் கேள்வி. அதனால் ஒரு புதுச் சவுக்காரக் கட்டியை நனைத்து, பிடியின் பின்பக்கத்தை அதில் அழுத்தினேன். கட்டமும் எழுத்தும் பறவையும் பிசகில்லாமல் பதிந்தன.

சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். சிப்பாய் என் பைக்குள் கைவிட்டு, மற்றதையெல்லாம் விட்டுவிட்டுச் சவுக்காரத்தைப் பிடித்துக்கொண்டான். பூட்டின் திறப்பை இப்படித்தான் சவுக்காரத்தில் அமத்திக் களவாக வெட்டுவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"திறப்பு?" என்றான் உடைந்த தமிழில்.

"இல்ல. கரண்டி."

"கரண்டி எங்க?"

"வீட்டுல."

"கரண்டி வீட்டுல. சவுக்காரம் பஸ்ஸில?" இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவன் பறவையைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். சவுக்காரத்தைத் திருப்பி வாங்கிப் பையின் அடியில் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினேன். பின்னாலிருந்த ஒரு பெண், "சம்மாந்துறையில கல்யாணம் பேசியிரிக்கிற ரீச்சர்தானே?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல நினைத்து, ஓம் என்றேன்.

சிநேகிதி ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் இருந்தாள். தகப்பனார் மௌத்தாகியிருந்தார். அவர்கள் பேச்சில் சொன்னால், காலமாகியிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு வாசலுக்கு வெளியே யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதை நினைத்து இருவரும் சிரித்தோம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மகளின் கல்யாணம், வட்டிலப்பம், கிடந்த என்ற சொல். சவுக்காரத்தில் எழுத்து திரும்பி விழுந்திருந்தபடியால் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது எங்கட இல்லை" என்றாள்.

"எழுத்து அதுதானே?"

"எழுத்து அதுதான். ஆனா எங்கட எழுத்து கொத்தினது. புள்ளி புள்ளியா இருக்கும், நகத்தால தடவினா தெரியும். இது அடிச்சது. அச்சை வைச்சு ஒரே அடி. ஒரு கரண்டிக்காக ஆரும் அச்சுச் செய்வினமே? நூறு கரண்டிக்கு அடிக்கிறவன்தான் அச்சு வைச்சிருப்பான்." பிறகு, "சொந்தக்காரன் தன்ர பேரை முதுகில ஏன் வைக்கிறான் ரீச்சர்? முன்னாலயெல்லே வைப்பான்" என்றாள்.

 அதற்குப் பிறகுதான் அவள் தந்த தேநீரை முழுவதும் குடித்தேன். அவர்களுடைய தட்டும் பேணியும் இப்போது எங்கேயோ கிடக்கும் என்று அவள் சொன்னபோது அந்தச் சொல்லை இருவரும் கவனிக்காததுபோல் இருந்தோம்.

பஸ் ஏற்றிவிட வந்தவள், பஸ் வந்து நின்றபிறகு என் காதருகில் சொன்னாள்: "எங்கடயா இருந்திருந்தாலும் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன். ஒரு கரண்டிக்காகப் பிள்ளையின்ர கல்யாணத்தைக் குழப்பாதேங்கோ."

அன்பில்தான் சொன்னாள். ஆனால் கல்முனை வந்து சேரும்வரை நான் அந்த ஒரு வசனத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொத்தினது, அடிச்சது என்று அவள் சொன்னதெல்லாம் எனக்காகக் கட்டிய கதையா? இல்லை என்று சொல்லப்போகிறவள் அவ்வளவு நேரம் ஏன் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்? போனபோது இருந்ததைவிடக் கூடுதலான சந்தேகத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த கிழமை, யார் யாரைக் கல்யாணத்துக்குச் சொல்வது என்று கதைக்கவேண்டும் என்ற சாட்டில் சம்மாந்துறைக்குப் போனேன். முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை. அது வேண்டுமென்றே செய்தது. நெல் ஏற்றிய உழவு மெசின் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் பின்வளவு வழியாகப் போனேன். குசினிக் கதவு திறந்திருந்தது.

மாப்பிள்ளையின் தாய் அடுப்படியில் குந்தியிருந்து கஞ்சிப்பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு பழைய அகப்பை. இடது கையால் சுரண்டினார். நடுக்கமில்லை, தடுமாற்றமில்லை. பானையின் அடியில் பிடித்தது ஒரே இழுவையில் சுருண்டு வந்தது. நிமிர்ந்து என்னைக் கண்டதும் அகப்பையைச் சட்டென்று வலது கைக்கு மாற்றினார். பரீட்சையில் பார்த்தெழுதிப் பிடிபட்ட பிள்ளை என்னைப் பார்க்கும் அதே பார்வை.

"பின்னால வந்தீங்களா மச்சி?"

"உங்களுக்கு இடக்கையா?"

அவர் முதலில் அகப்பையைக் கீழே வைத்தார். "சாப்பாட்டுக்கு வலக்கைதான். வேலைக்கு இது. சின்னதுல வாப்பா கையில சூடுகூட வெச்சிப் பார்த்தாரு, மாறல்ல. ஆக்கள் வந்தா மாத்திக்குவன். அண்டைக்கி உங்கட வீட்டுல மாத்தித்தான் மகளுக்குச் சீலையில ஊட்டின."

நான் அந்த அகப்பையை எடுத்தேன். என் வீட்டில் என் அகப்பைகளெல்லாம் இடப்பக்கம் தேய்ந்தவை. வலக்கையால் சுரண்டுகிறவர்கள் எல்லோருடைய அகப்பையும் அப்படித்தான். இது வலப்பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது. அந்தக் கரண்டி சரிந்திருந்ததைப் போலவே. மகளின் கைக்குத் தோதில்லாமல் போன அதே சரிவு.

"அந்தக் கரண்டியாலயும் சுரண்டினீங்களா மச்சி?"

"பின்ன? அறிவு வந்த நாள்ல இரிந்து. இங்கினியாகலையில அணை கட்ட அமெரிக்காக்காரன் வந்து இரிந்தானே, அவங்கட குசினியிலதான் என்ட வாப்பா சமைச்ச. வேல முடிஞ்சி போகக்குள்ள அந்த வெள்ளைக்கார நோனா ஒரு பொட்டி நிறையச் சட்டியும் துணியும் குடுத்துட்டுப் போச்சி. பொட்டிக்கு அடியில கிடந்த இது, கறுத்துப் போய். தகரமெண்டுதான் நெனச்ச. நாப்பது வருசமாப் பானை சுரண்டினன் அதால. போன வருசம் மகன்தான் புளி போட்டு மினுக்கிப் பார்த்திட்டு, உம்மா இது வெள்ளிகா எண்டான்."

பொட்டிக்கு அடியில் கிடந்தது. அந்தச் சொல்லுக்கு அதன் பழைய, சும்மா அர்த்தமும் இன்னும் இருந்தது என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

தேநீர் வந்தது. யாரைச் சொல்வது, எந்தக் குடும்பத்துக்கு முதலில் சொல்வது என்று கதைத்தோம். எழும்பும் நேரம் அவர் சாதாரணமாகக் கேட்டார்: "மட்டக்களப்புக்குப் போனீங்களாமே மச்சி. சாமான் வாங்கவா?"

பஸ்ஸில் பின்னாலிருந்த பெண் ஞாபகத்துக்கு வந்தாள். நான் ஓம் என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். இடது கையால். "இனி என்னத்தையும் கேக்கிறதெண்டா என்னட்டக் கேளுங்க. நான் ஆக்களுக்கு ஒளிக்கிற ஒண்டேயொண்டு இந்தக் கைதான்."

எவ்வளவு தெரிந்து அதைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாசல்வரை வந்து வழியனுப்பினார். முகத்தில் கோபமில்லை. கோபமில்லாதது எனக்குக் கூடுதலான பயத்தைத் தந்தது.

பல காலத்துக்குப் பிறகு கொழும்பில் ஒரு நூலகத்தில், அமெரிக்காவின் பழைய வெள்ளித் தட்டான்களைப் பற்றிய புத்தகமொன்றைக் கண்டு, நின்றபடியே வாசித்தேன். அந்த நாட்டில் ஆரம்பத்தில் வெள்ளியைச் சோதித்து அரச முத்திரை குத்தும் ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் இருக்கவில்லையாம். சனங்கள் வீட்டிலிருந்த வெள்ளிக் காசுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், தட்டான் உருக்கிக் கரண்டி செய்து, பின்பக்கத்தில் தன் பெயரையோ முதலெழுத்தையோ அடித்துக் கொடுப்பான். அந்த அடிதான் அவனுடைய சத்தியம். சிலர் பக்கத்தில் பறவை, நட்சத்திரம் என்று சின்ன அச்சுகளையும் அடித்தார்கள். இங்கிலாந்து வெள்ளியிலுள்ள முத்திரைபோலத் தெரியட்டும், வாங்குகிறவன் சந்தேகப்படாமல் வாங்கட்டும் என்பதற்காக. எங்கள் கரண்டியின் பறவை என்னைச் சமாதானப்படுத்துவதற்காக அடிக்கப்பட்டது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அது என்னிடம் பலிக்கவில்லை. அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. களவுபோன காசை இது என்னுடையது என்று காட்ட முடியாது, குறியடித்த கரண்டியைக் காட்டலாம். அதனாலும் சனங்கள் காசைக் கரண்டியாக்கினார்களாம். களவைப் பிடிக்கத்தான் நானும் அந்தக் குறியைப் பஸ்ஸேற்றிக் கொண்டுபோனேன்.

அதற்கெல்லாம் வெகு முன்பே, குறித்த நாளில் காவின் எழுதினார்கள். சிநேகிதி மட்டக்களப்பிலிருந்து வந்திருந்தாள், அவ்வளவு தூரம், அந்தச் சாவடிகளெல்லாம் தாண்டி. ஒரு தட்டுக் கொண்டுவந்தாள், முன்பக்கத்தில் தன் பெயரைப் புள்ளி புள்ளியாகக் கொத்தி. மாப்பிள்ளையின் தாய் அவளுக்குத் தன் கையாலேயே வட்டிலப்பம் வைத்தார். எந்தக் கை என்று பார்த்தேன். இடக்கை.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் உள்ளறைக்குப் போனேன். வந்த பரிசுகள் பாயில் குவிந்திருந்தன. தட்டுகள், பேணிகள், செம்புகள். எங்கள் சொந்தக்காரர், அயலவர், என்னோடு படிப்பிக்கிறவர்கள் கொடுத்தவை. கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினேன். புதுப் பெயருக்குக் கீழே பழைய புள்ளிகள் அராவப்பட்டிருக்கின்றனவா என்று நகத்தால் தடவிப் பார்த்தேன்.

மகள் கல்யாணச் சீலையோடு வந்து நின்றாள். "என்ன உம்மா தேடுறீங்க?"

"ஆரு ஆரு என்ன தந்த எண்டு பாக்கிறன்."

அவள் கதவைத் திரும்பச் சாத்தினாள். பிறகு எனக்கு எதிரே குந்தி, கையிலிருந்த வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, ஒரு செம்பை எடுத்துத் திருப்பினாள்.